எலுமிச்சையில் எதை வெட்டுவது, எதை விடுவது

தை பிறந்து ஒரு வாரம் போனால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வந்து கேட்பார். "ஏனுங்க, எங்க எலுமிச்ச மரம் மொட்டை மாடி வரைக்கும் போயிருச்சுங்க. காயே இல்லீங்க. வெட்டி உட்றலாமுங்களா?" சில பேர் அரிவாளோடே வந்து நிற்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வாதை, அதாவது எந்தக் கிளையை, வெட்டப் போகிறீர்கள்? மரத்தின் முன்னால் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டால் கிளை கழிக்கும் கவாத்து வேலையில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். மீதி கத்தரி பிடிக்கிற பழக்கம்.

எங்கள் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லையில், நிற்பது பதினோரு வருடத்து மரம். அவிநாசிப் பக்கம், செம்மண் பூமி, ஒரு முழம் தோண்டினால் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். மரத்தின் நான்காவது வருடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பக்கத்தில் இருந்த முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, அதே கையோடு எலுமிச்சையையும் மார்பளவுக்கு வெட்டினேன். முருங்கை இரண்டே மாதத்தில் தழைத்துவிட்டது. எலுமிச்சையும் துளிர்க்கத்தான் செய்தது. ஆனால் வந்ததெல்லாம் விரல் தடிமனில், நேராக, அரை அங்குல முள்ளோடு. பூவே கிடையாது. ஒன்றரை வருடம் காய் இல்லாமல் போனது. காங்கேயத்திலிருந்து வந்த என் அமுச்சி (அம்மாவின் அம்மா) மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏஞ்சாமி, இது என்ன முருங்கையா? எலையெல்லாம் இப்புடித் தறிச்சுப் போட்டா, அது எதைத் தின்னுட்டுக் காய்க்கும்?"

அமுச்சி கேட்டதில்தான் எலுமிச்சைக் கவாத்தின் அடிப்படை இருக்கிறது. அதை முதலில் புரிந்துகொள்ளலாம்.

நம் பக்கம் வெட்டிப் பழகிய மரங்களெல்லாம் வேறு வகை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கையை வெட்டுவார்கள். உடுமலை, கோபிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக மல்பெரியைத் தரையோடு அறுப்பார்கள். இந்தச் செடிகள் தங்கள் சேமிப்பைத் தண்டிலும் வேரிலும் வைத்துக்கொள்பவை. மேலே எவ்வளவு வெட்டினாலும் கீழே இருப்பதை எடுத்துத் துளிர்க்கும். எலுமிச்சை இலை உதிர்க்காத மரம். அதன் ஒரு இலை ஒரு வருடத்துக்கு மேல்கூட மரத்திலேயே இருக்கும். சமைப்பதும் அந்த இலைதான், சமைத்ததில் ஒரு நல்ல பங்கைச் சேர்த்து வைப்பதும் அந்த இலையும் சிறு கிளைகளும்தான். அடுத்த பூவுக்கும் பிஞ்சுக்கும் வேண்டிய சத்து அங்கிருந்து வரவேண்டும். ஆக, இலையோடு கிளையை வெட்டி எறிந்தால் குதிரோடு நெல்லைத் தூக்கிப் போட்ட கதைதான். ஒரு வருடத்தில் மரத்தின் பச்சையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நான் கை வைப்பதில்லை. ரொம்ப அடர்ந்து போன மரமாக இருந்தால் அதையே இரண்டு மூன்று வருடத்துக்குப் பிரித்துச் செய்கிறேன்.

இரண்டு வகை வெட்டு

ஒரு கிளையின் நுனியை மட்டும் கிள்ளுவது ஒரு வகை. அந்தக் கிளையை அது கிளம்பிய இடத்திலேயே அடியோடு எடுப்பது இன்னொரு வகை. பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரியும். மரம் இரண்டுக்கும் வேறு வேறு பதில் சொல்லும்.

ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டிலும் ஆக்சின் என்கிற வளர்ச்சிப் பொருள் ஊறுகிறது. அது கிளை வழியாகக் கீழே இறங்கி, இலைக்காம்பு ஒட்டுகிற கணுக்களில் இருக்கும் பக்க மொட்டுகளை எழவிடாமல் தூங்க வைக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை போய்விடும். வெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று மொட்டுகள் ஒரே சமயத்தில் கிளம்பும். ஒரு வாது இருந்த இடத்தில் மூன்று வாது. சிறு கன்றை ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் நுனி கிள்ளிப் பக்கக் கிளை வர வைப்பதற்கு இது நல்ல வழி. வளர்ந்த மரத்தில் நாலாபுறமும் நுனியையே வெட்டிக்கொண்டு வந்தால், வேலி வெட்டியது போல வெளியே கெட்டியான ஒரு பச்சைச் சுவர் எழும்பும். உள்ளே வெளிச்சம் போகாது. உள் கிளைகள் காயும். காற்றோட்டம் இல்லாத அந்த இருட்டில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் குடியேறும். காய் வெளி ஓரத்தில் மட்டும் நாலைந்து தொங்கும்.

அடியோடு எடுத்தால் அந்த இடத்தில் ஒரு சன்னல் திறக்கும். எழுப்பிவிட அங்கே மொட்டு அதிகம் இருக்காது. அந்தக் கிளைக்குப் போன தண்ணீரும் சத்தும் பக்கத்துக் கிளைகளுக்குப் போகும். காய்க்கிற எலுமிச்சையில் பத்து வெட்டு வெட்டினால் எட்டு இந்த வகையாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பூ வருவது புதுத் துளிரில். வெளிச்சம் உள்ளே விழுந்தால் உள்ளேயும் துளிர் வரும், மரம் முழுக்கக் காய் பிடிக்கும்.

எந்த வாது

காய்ந்ததில் தொடங்குங்கள். அதற்கு மாதம், நாள் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. காய்ந்ததா, உயிர் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து காய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும் கிளையாக இருந்தால், பச்சை தெரியும் இடத்துக்கும் ஒரு சாண் கீழே வெட்ட வேண்டும். நோய் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டிச் சிறிது தூரம் உள்ளே இறங்கியிருக்கும்.

அடுத்தது, ஒட்டுக்கன்று வாங்கி வைத்தவர்கள் ரொம்பக் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடி சேர்ந்தது. கீழே வேர் கொடுப்பது பெரும்பாலும் ஜம்பேரி போன்ற முரட்டு ஜாதி. மேலே நமக்கு வேண்டிய எலுமிச்சை. தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் தண்டு சற்றே வளைந்தோ புடைத்தோ இருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழே எது துளிர்த்தாலும் அது நம் எலுமிச்சை ஆகாது. எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் ஒரு காயைக் கொண்டு வந்து காட்டினார். கை நிறைய பெரியது, தோல் முழுக்க முண்டும் முடிச்சுமாக, அறுத்தால் பாதி தோல்தான். "மூணு வருசம் நல்லாத்தான் காச்சுதுங்க. இப்ப மரமே மாறிப் போச்சுங்க" என்றார். போய்ப் பார்த்தால், ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பிய ஒரு தளிர் கைப்பருமன் ஆகி, மேலே ஏறி நிற்கிறது. ஒட்டு வைத்த கிளை அதன் நிழலில் குச்சியாகக் காய்ந்து கிடக்கிறது. மரம் மாறவில்லை, கீழே இருந்தது மேலே இருந்ததைத் தின்றுவிட்டது. இந்தத் தளிரை விரல் நீளத்தில் இருக்கும்போதே கையால் பக்கவாட்டில் இழுத்துக் கிள்ளி எடுத்துவிட்டால் போதும். கத்தரியால் வெட்டினால் அடி மொட்டு தங்கி மறுபடி வரும்.

விதையில் முளைத்த மரத்துக்கு இந்தத் தொந்தரவு இல்லை. எலுமிச்சை விதைக்கு இன்னொரு அழகும் உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்று முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் உண்டானவை அல்ல, தாய் மரத்தின் திசுவிலிருந்தே வந்தவை. அதனால்தான் நல்ல மரத்துப் பழத்தின் விதையைப் போட்டால் அதே குணத்தில் மரம் வருகிறது. மாம்பழக் கொட்டையில் அதை அவ்வளவு நம்ப முடியாது. விதைக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், ஒட்டும் பதியமும் மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கும். வித்தியாசம் அதுதான்.

மூன்றாவது, நீர்ப்போத்து. தடித்த கிளையின் முதுகிலிருந்து வானத்தைப் பார்த்து நேராகக் கிளம்பும். தண்டு உருண்டையாக இல்லாமல் முக்கோணமாக, பட்டை பட்டையாக இருக்கும். இலை அகலம், முள் நீளம், கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். ஒரு மழைக்குள் மூன்றடி போய்விடும். பார்க்கச் செழிப்பாக இருப்பதால் நிறையப் பேர் இதை விட்டுவிட்டு, காய்க்கிற மெலிந்த கிளையை வெட்டிவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். காய் தருவது அந்த மெலிந்த, முள் சிறுத்த, கொஞ்சம் தாழ்ந்து படர்ந்த கிளைதான். நீர்ப்போத்தை அடியோடு எடுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மரத்தில் ஒரு பக்கம் கிளையே இல்லாமல் காலியாக இருந்தால், அந்தப் பக்கம் வந்த போத்தை விட்டு, இரண்டடியில் நுனி கிள்ளி, கயிறு கட்டிச் சற்றே சாய்த்து விடுங்கள். அடுத்த வருடம் அது காய்க்கிற கிளையாகப் படிந்துவிடும்.

ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் ஒன்றை எடுக்க வேண்டும். உள்நோக்கி, நடுமரத்தைப் பார்த்து வளர்வதையும் எடுக்க வேண்டும். நமக்கு இது முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று எல்லா ஊரையும் ஆட்டி வைக்கும். அந்தக் காற்றில் கிளையும் கிளையும் தேயும், முள் காயைக் குத்தும், இலையைக் கிழிக்கும். அந்தக் கீறல் வழியாகத்தான் சொறி நோய்க் கிருமி உள்ளே போகிறது.

கடைசியாக அடித்தண்டு. தரையிலிருந்து ஒன்றரை அடி வரைக்கும் கிளை இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தொடும் கிளைக்கு மழைச் சாரலோடு மண்ணில் இருக்கும் பூஞ்சை ஏறும். அதற்கு மேலே போய் அடிக்கிளைகளையெல்லாம் கழித்து, தென்னை மாதிரி தண்டைக் காட்டி நிறுத்த வேண்டாம். நம்முடைய சித்திரை வெயில் நேராகத் தண்டில் பட்டால் பட்டை வெடிக்கும். தாழ்ந்து படர்ந்த கிளைதான் தண்டுக்கும் வேருக்கும் குடை. ஏற்கனவே வெட்டிவிட்டவர்கள் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.

எப்போது

ஒரு சுற்றுக் காயைப் பறித்து முடித்து, அடுத்த துளிர் கிளம்புவதற்கு முன்னால் என்பது பொது விதி. நம் பக்கத்து வானிலைக்கு மார்கழி கடைசியிலிருந்து தை பாதி வரை தோதான காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வெட்டுக்காயம் காய்ந்து ஆறும். மாசியில் துளிரும் பூவும் வரும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு தடவை மரத்தைச் சுற்றி வந்து, காய்ந்த குச்சியையும் சொறி பிடித்த கிளையையும் மட்டும் எடுத்துவிடுங்கள். மழை நாளில் வெட்டவே வேண்டாம், ஈரத்தில் நோய் பரவும். சித்திரை, வைகாசியிலும் வேண்டாம்.

வெட்டும் கை

சிறு கிளைக்குக் கவாத்துக் கத்தரி, பெருவிரலைத் தாண்டிய கிளைக்குச் சிறு கை ரம்பம். அரிவாளைத் தயவுசெய்து உள்ளேயே வையுங்கள். அரிவாள் வெட்டு பட்டையை நாராகக் கிழிக்கும், கிழிந்த பட்டை ஆறாது. மரத்துக்கு மரம் போகும்போது கத்தரியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

வெட்ட வேண்டிய கிளையின் அடியைக் கிட்டத்தில் பாருங்கள். அது தாய்க்கிளையோடு சேரும் இடத்தில், மோதிரம் போட்ட மாதிரி சற்றே தடித்து, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் இருக்கும். அதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. அந்த வளையத்தை விட்டு, அதற்கு ஒட்டினாற்போல வெளியே வெட்ட வேண்டும். வளையத்தோடு சேர்த்து வழித்து எடுத்தால் காயம் மூடாது. வளையத்திலிருந்து நாலு விரல் தள்ளி முளையாக விட்டால் அந்த முளை காய்ந்து, அழுகல் தண்டுக்குள் இறங்கும். சரியாக வெட்டிய இடத்தில் ஒரு வருடத்தில் சுற்றிலும் உதடு மாதிரி புதுப் பட்டை எழும்பி, காயத்தை மூடிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். எங்கள் மரத்தில் அப்படி மூடிய இடங்கள் ஏழெட்டு இருக்கின்றன, தடவிப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். பாதி அறுக்கும்போதே கிளை தன் பாரத்தில் முறிந்து, தண்டுப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அப்புறம் அதற்கு இரண்டு விரல் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சம் நிற்கும் முளையைக் கடைசியாகக் கழுத்தருகே எடுத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் வெயிலில் நிற்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் வரும், கருந்திட்டு மாதக்கணக்கில் இருக்கும். முள்ளுக்குப் பயந்து கையுறை போடுகிறோம். இதற்காகவும் போடலாம்.

பெருவிரலை விடத் தடித்த வெட்டுக்கெல்லாம் பூஞ்சை ஏறாமல் காக்கும் போர்டோ பசை தடவுவது நல்லது. வீட்டிலேயே செய்யலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற வைத்துக் கரைக்கவும். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் நீற்றிக் கரைத்து, ஆறவிட்டு வடிகட்டவும். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் வான நீலத்தில் பசை வரும். பதம் பார்க்க, துருவில்லாத ஒரு இரும்புக் கத்தியை அதில் சில நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். படியாவிட்டால் பதம் சரி. அன்றைக்கே தடவிவிட வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. துத்தம் விஷம், குழந்தைகளும் ஆடு மாடும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், எரு

எலுமிச்சை செத்துப் போவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் காய்ந்து இல்லை, தண்ணீர் தேங்கியதால். தண்டைச் சுற்றிக் குழி பறித்துத் தினம் ஒரு குடம் ஊற்றுகிறோம். தண்டின் அடிப்பட்டை எப்போதும் நனைந்து கிடக்கிறது. கொஞ்ச நாளில் பட்டை வெடித்துப் பிசின் வடியும், இலை வெளுக்கும், அடுத்த வருடம் ஒரு பக்கமாகக் காயும். இதைத் தடுப்பது சுலபம். தண்டை ஒட்டி ஒரு முழ வட்டத்துக்கு மண்ணை மேடாக அணைத்துவிடுங்கள். அந்த மேட்டுக்கு வெளியே, கிளை நுனியின் நிழல் விழும் இடம் வரைக்கும் வட்டப் பாத்தி. தண்ணீர் இந்தப் பாத்தியில் மட்டும் நிற்க வேண்டும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லி வேர்கள் நிழலின் ஓரத்தில்தான் அதிகம். அவை மேல் மண்ணிலேயே, ஒன்றரை அடிக்குள் ஓடுபவை. அதனால் பாத்திக்குள் மம்முட்டி போட்டுக் கொத்த வேண்டாம். களையைக் கையால் பிடுங்கி, தேங்காய் மட்டையோ காய்ந்த இலையோ பரப்பி மூடாக்கு போட்டுவிட்டால் கோடையில் மண் சூடேறாது.

வளர்ந்த மரத்துக்குச் செம்மண்ணில் வாரம் ஒரு முறை, கரிசலில் பத்து நாளைக்கு ஒரு முறை நன்றாக ஊறக் கட்டினால் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். காய் பிடித்திருக்கும்போது மட்டும் இடைவெளி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் காயவிட்டுத் திடீரென்று நிறையக் கட்டினால் பிஞ்சு உதிரும், முற்றிய காய் வெடிக்கும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இலை நுனி கருகும். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம். அரிசி, பருப்பு களைந்த தண்ணீரையும், கிடைக்கிற நல்ல தண்ணீரையும் அதற்கு ஒதுக்குங்கள். மழைத் தண்ணீர் ஓடி வருகிற வழியில் பாத்தி இருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு மழையும் உப்பைக் கழுவி இறக்கும்.

எருவில் பெரிய ரகசியம் இல்லை. கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதல் வருடக் கன்றுக்கு 10 கிலோவில் தொடங்கி ஆறாம் வருடத்திலிருந்து மரத்துக்கு 30 கிலோ தொழு எரு சொல்கிறது. நான் பங்குனியில் பாதியும் புரட்டாசி கடைசியில் பாதியுமாகப் போடுகிறேன், ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து. ஆட்டெரு கிடைத்தால் மக்கவிட்டுப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் வேர் சுடும்.

இலை சொல்லும் சேதி

சுக்கான் மண்ணில் வரும் மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் எலுமிச்சை வைத்தவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். மண்ணில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டாக இருந்தால் துத்தநாகக் குறை. அடியில் இருக்கும் பழைய இலை முழுக்க வெளுத்தால் தழைச்சத்து போதவில்லை, எரு வைத்தால் சரியாகும். முதல் இரண்டுக்கும் எரு மட்டும் போதாது, இலை வழியாகக் கொடுக்க வேண்டும். துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத் துளிர் வந்ததும் தெளிப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. எங்கள் மரம் இதில்தான் தெளிந்தது. இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த இலைகள் பழைய இலையைப் போல ஒன்றரை மடங்கு அகலம்.

துளிரிலையில் நத்தை ஊர்ந்த மாதிரி வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடி, இலை சுருண்டிருந்தால் அது இலைத்துளைப்பான் புழு. இலையின் தோலுக்குள்ளேயே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதை லேசில் தொடாது. துளிர் விரல் நீளத்தில் இருக்கும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் முட்டை வைப்பது குறையும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்தால் கரைசல் தயார். சாயங்காலம் தெளியுங்கள். முற்றிய இலைக்கு இந்தப் புழு வராது. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருந்தால் வருடம் முழுக்கத் துளிர் வரும், புழுவும் நிரந்தரமாகத் தங்கும். ஒரே சமயத்தில் கவாத்தை முடிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளில் இரண்டு கொம்பு நீட்டி ஒரு நெடி அடித்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். சிறு கன்றாக இருந்தால் நாலு புழு இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும், கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பெரிய மரமாக இருந்தால் நான் விட்டுவிடுகிறேன். கறிவேப்பிலையும் வில்வமும் எலுமிச்சையின் குடும்பம் என்பதால் அங்கேயும் இதே புழுவைப் பார்க்கலாம்.

சொறி நோய்தான் நம் எலுமிச்சைக்குப் பெரிய வம்பு. இலையிலும் காயிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். பாக்டீரியாவால் வருவது, மழைச் சாரலில் தெறித்துப் பரவுவது. காயின் தோலோடு நின்றுவிடும், சாற்றுக்கு ஒன்றும் ஆகாது, தாராளமாகப் பிழியலாம். புரட்டாசியில் எடுக்கச் சொன்ன சொறிக் கிளைகளை மரத்தடியிலேயே போடாமல் எரித்துவிடுங்கள். உதிர்ந்த இலையையும் கூட்டி எடுங்கள். அதற்கு மேலும் பரவினால் ஒரு லிட்டருக்கு மூன்று கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது வழக்கம்.

இத்தனையும் செய்தால் மாசி, பங்குனியில் ஊரெல்லாம் மாரியம்மன் நோம்பி சாட்டும் சமயத்தில் மரம் பூவாக நிற்கும். பூவிலிருந்து பறிப்புக்கு ஐந்தாறு மாதம். கரும்பச்சை வெளிறி, தோல் மழமழப்பாகி, அழுத்தினால் சற்றே நெகிழும் காயைப் பறிக்கலாம். ஊறுகாய்க்கு என்றால் மஞ்சள் ஏறும் வரை விடுங்கள். பிடித்து இழுக்காமல், காம்பில் ஒரு நெல் நீளம் விட்டுக் கத்தரியால் நறுக்குங்கள். இழுத்துப் பறித்த பழத்தில் காம்படித் தோல் பிய்ந்திருக்கும். உப்பில் போட்ட ஜாடிக்குள் முதலில் கெட்டுப் போவது அந்தப் பழம்தான்.